வயசான பூனை ஒதுங்கிப் படுத்தால் என்ன பார்ப்பது, என்ன செய்வது

எங்கள் பக்கம் வயசான பூனை ஒன்று மூலையில் போய்ச் சுருண்டு படுத்துவிட்டால் பெரியவர்கள் ஒரே பேச்சில் முடித்துவிடுவார்கள். "அது சாகறதுக்கு எடம் பாக்குது அம்மணி, தொந்தரவு பண்ணாம உட்ரு." நல்ல மனசோடுதான் சொல்கிறார்கள். ஆனால் இந்தப் பேச்சை நம்பி விட்டதில், பிழைத்திருக்க வேண்டிய பூனைகள் எத்தனையோ போய்ச் சேர்ந்திருக்கின்றன. கோபிப் பக்கம் தோட்டத்து வீட்டில் தென்னை, மஞ்சள், மாடு, எலி எல்லாவற்றுக்கும் நடுவில் பூனை வளர்க்கிறவள் நான். என் அனுபவத்தில் ஒதுங்கிப் படுக்கும் பூனைக்கு எங்கோ வலிக்கிறது, இல்லையென்றால் உள்ளே ஏதோ கெட்டிருக்கிறது. அப்படி எடுத்துக்கொண்டு பார்க்கத் தொடங்குங்கள். பல்லில் சீழ், சதையில் ஏறிய நகம், சிறுநீரகக் கோளாறு, எலிமருந்து என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம். இவற்றில் பலவற்றுக்கு வைத்தியம் உண்டு.

பூனை நோவைக் காட்டிக்கொள்ளாத ஜீவன். நாய்க்குக் கால் வலித்தால் நொண்டிக்கொண்டு நம்மிடமே வந்து நிற்கும். பூனை சத்தம் போடாமல் அட்டாலிக்கோ பீரோவுக்குப் பின்னாலோ போய்விடும். அதனால்தான் "நேத்து வரைக்கும் நல்லாத்தானே இருந்துச்சு" என்கிறோம். பத்து வயசுப் பூனை மனுசக் கணக்கில் 56 வயசு ஆள், பதினைந்து வயசுப் பூனை 76 வயசு ஆள் என்று மருத்துவர்கள் கணக்குச் சொல்வார்கள். அந்த வயசில் ஒருவர் சாப்பாட்டுக்குக்கூட எழுந்து வராமல் படுத்திருந்தால் நாம் சும்மா இருப்போமா?

தூக்கம் வேறு, ஒதுங்கல் வேறு

வயசான பூனை நிறையத் தூங்கும். அது சகஜம். ஆனால் வழக்கமாகத் தூங்கும் இடத்தில்தான் தூங்கும். வட்டலில் மீன் விழும் சத்தம் கேட்டால் காதைத் திருப்பும், மெதுவாகவாவது எழுந்து வரும். ஒதுங்கும் பூனை இதுவரை போகாத இடத்துக்குப் போகும். எங்கள் வீட்டில் சாக்கு அடுக்குக்குப் பின்னால், பொடக்காலியில் விறகுக்கு அடியில், குளியலறை மூலையில் போய்ப் படுத்த பூனைகள் எல்லாமே நோவோடுதான் இருந்தன. படுக்கும் விதத்தையும் பாருங்கள். நாலு காலையும் உள்ளே மடக்கி, முதுகைத் தூக்கி, தலையைத் தாழ்த்தி, கண்ணைப் பாதி மூடி உட்கார்ந்திருந்தால் அது தூங்கவில்லை, வலியைத் தாங்கிக்கொண்டிருக்கிறது. முடியை நக்கிச் சுத்தம் செய்வதும் நின்றுபோகும். இடுப்புப் பக்கம் முடி திரித்திரியாக ஒட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்தால் அதற்கு முதுகைத் திருப்பி நக்க முடியவில்லை என்று அர்த்தம்.

பயத்தினாலும் பூனை ஒளியும். மாரியம்மன் நோம்பிக்கு மேளம், தீபாவளிக்குப் பட்டாசு, கல்யாணத்துக்கு வந்த ஒறம்பரை, பக்கத்துக் காட்டில் போர் போடும் லாரி, இதெல்லாம் போதும். ஆனால் பயந்த பூனை ராத்திரி வீடு அடங்கியதும் வெளியே வந்து வட்டலைக் காலி செய்துவிடும். சந்தேகமாக இருந்தால் இரவு படுக்கும் முன் தீனியை அளந்து வையுங்கள். காலையில் அப்படியே இருந்தால் பயம் என்ற கணக்கை விட்டுவிடுங்கள்.

உடனே கிளம்ப வேண்டியவை

மேலே படிப்பதற்கு முன்னால் இதை மட்டும் பார்த்துவிடுங்கள். பூனை வாயைத் திறந்து மூச்சு வாங்கினால், பின்னங்கால் இரண்டும் திடீரென்று இழுத்துக்கொண்டு சில்லிட்டுப் போய்க் கத்தினால், ஈறு வெளுத்தோ நீலமாகவோ இருந்தால், வலிப்பு வந்தால், அந்த நேரமே டாக்டரிடம் போக வேண்டும். விடியட்டும் என்று வைக்காதீர்கள்.

கடுவனாக, அதாவது ஆண் பூனையாக இருந்தால் இன்னொன்று. மணல் தட்டில் அடிக்கடி போய் உட்கார்ந்து முக்குகிறது, ஒரு சொட்டுத்தான் வருகிறது அல்லது எதுவுமே வரவில்லை, அடியில் நக்கிக்கொண்டே இருக்கிறது என்றால் மூத்திரம் அடைத்திருக்கிறது. பல பேர் இதை மலச்சிக்கல் என்று நினைத்து விளக்கெண்ணெய் ஊற்றுகிறார்கள். மூத்திரம் அடைத்த கடுவன் ஒன்றிரண்டு நாளில் செத்துப்போகும். குழாய் போட்டு எடுத்துவிட்டால் பிழைக்கும். கிழட்டுக் கடுவனுக்கும் இது வரும், குடும்பக்கட்டுப்பாடு செய்ததற்கும் வரும்.

வெறிநோயையும் மனசில் வையுங்கள். தடுப்பூசி போடாத, வெளியே சுற்றும் பூனை திடீரென்று சுபாவம் மாறி இருட்டில் ஒளிந்து, கிட்டப் போனால் பாய்ந்து கடிக்க வந்தால், எச்சில் ஒழுகினால், வெறுங்கையால் தொடாதீர்கள். குழந்தைகளைத் தள்ளி நிறுத்துங்கள். எந்தப் பூனை கடித்தாலும், பிறாண்டினாலும் அந்த இடத்தை ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிஷம் கழுவிவிட்டு, அன்றைக்கே அரசு ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி போட்டுக்கொள்ளுங்கள்.

இருக்கும் இடத்திலேயே பார்ப்பது

பூனையை முதலில் வெளியே இழுக்காதீர்கள். இழுத்தால் பயத்தில் மூச்சும் நெஞ்சும் வேகமாகும், நீங்கள் பார்க்கும் எதுவும் உண்மையாக இருக்காது. போனில் வீடியோ எடுத்துக்கொண்டே சற்றுத் தள்ளி உட்காருங்கள். விலா ஒரு தடவை ஏறி இறங்கினால் ஒரு மூச்சு. ஒரு நிமிஷம் முழுக்க எண்ணுங்கள். அமைதியாகப் படுத்திருக்கும் பூனைக்கு முப்பதுக்குள் இருக்க வேண்டும். நாற்பதைத் தாண்டி அப்படியே இருந்தால் நெஞ்சிலோ நுரையீரலிலோ கோளாறு இருக்கலாம், அன்றைக்கே காட்டுங்கள். அந்த வீடியோவை அழிக்காமல் வைத்திருங்கள். டாக்டர் மேஜையில் பூனை வேறு மாதிரி நடந்துகொள்ளும், வீட்டில் எப்படி இருந்தது என்பதற்கு வீடியோதான் சாட்சி.

அப்புறம் மெதுவாகக் கிட்டப் போய், கட்டை விரலால் மேலுதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள். வெளிர் ரோஜா நிறத்தில் ஈரமாக இருக்க வேண்டும். விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்து, இரண்டு விநாடிக்குள் நிறம் திரும்பும். வெள்ளைத்தாள் மாதிரி இருந்தால் ரத்தம் குறைந்திருக்கிறது. மஞ்சளாக இருந்தால் ஈரலைச் சந்தேகியுங்கள். ரத்த அணு உடைந்தாலும் மஞ்சளாகும். ஈறில் விரல் பிசுபிசுவென்று ஒட்டினால் உடம்பில் தண்ணீர் இல்லை. கழுத்துத் தோலைத் தூக்கிப் பார்க்கும் சோதனையை வயசான பூனையிடம் முழுக்க நம்ப வேண்டாம். தோல் தளர்ந்திருப்பதால் தண்ணீர் போதுமான அளவு இருந்தாலும் மெதுவாகத்தான் இறங்கும்.

கருப்புப் பூனையாக இருந்தால் ஈறில் கருப்பு மச்சம் இருக்கும், நிறம் தெரியாது. எங்கள் கருப்பாயிக்கு அப்படித்தான். கண்ணின் கீழ் இமையை லேசாக இழுத்து உள்பக்கம் பார்ப்போம். அங்கே நிறம் சரியாகத் தெரியும்.

கண்ணைப் பார்க்கும்போதே பாவையையும் பாருங்கள். வெயில் வெளிச்சத்திலும் கண்மணி பெரிதாக விரிந்தே இருந்து, பூனை சுவரில் முட்டிக்கொண்டு நடந்தால் பார்வை போயிருக்கிறது. வயசான பூனைக்கு ரத்தக்கொதிப்பு ஏறினால் ஒரே ராத்திரியில் இப்படி ஆகும். கண் தெரியாத பூனை பயந்து ஒரே மூலையில் கிடக்கும், நாம் சோர்வு என்று நினைப்போம். சீக்கிரம் மாத்திரை ஆரம்பித்தால் சிலவற்றுக்கு ஓரளவு பார்வை திரும்புகிறது, அதனால் இதிலும் தாமதம் கூடாது.

காய்ச்சல் பார்க்க வேண்டுமென்றால் டிஜிட்டல் தெர்மாமீட்டரை ஆசனவாயில்தான் வைக்க வேண்டும். பழக்கமில்லாதவர்கள் இதை டாக்டருக்கே விட்டுவிடுங்கள். எண் மட்டும் தெரிந்திருக்கட்டும்: 100.5 முதல் 102.5 ஃபாரன்ஹீட் வரை சாதாரணம். நமக்குக் காய்ச்சல் என்று சொல்லும் சூடு பூனைக்கு இயல்பான சூடு. 99-க்குக் கீழே போனால் காய்ச்சலைவிட ஆபத்து. காதும் பாதமும் சில்லென்று இருந்தால் துணியில் சுற்றிய வெந்நீர் பாட்டிலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே கிளம்புங்கள்.

கையால் தடவிப் பார்த்தால் கிடைப்பவை

பூனை விட்டால், தலையில் தொடங்கி வால் வரை இரண்டு கையாலும் மெதுவாகத் தடவுங்கள். சண்டை போடும் பூனைக்குக் கன்னத்திலோ முன்னங்காலிலோ வால் அடியிலோ சூடான வீக்கம் இருக்கும். பல் பட்ட ஓட்டை சின்னது, ஓரிரு நாளில் மேலே மூடிக்கொண்டு உள்ளே சீழ் கட்டும், காய்ச்சல் அடிக்கும், பூனை படுத்துவிடும். டாக்டர் கீறிச் சுத்தம் பண்ணி ஆன்டிபயாடிக் கொடுத்தால் பெரும்பாலும் இரண்டு மூன்று நாளில் எழுந்து உட்கார்ந்துவிடும்.

பாதத்தைக் கட்டாயம் பாருங்கள். இளசாக இருக்கும்போது பூனை தென்னை மரத்தில் பிறாண்டிப் பிறாண்டி நகத்தின் மேல் கூட்டைக் கழற்றிவிடும். வயசானதும் மூட்டு வலியில் பிறாண்டுவதைக் குறைத்துக்கொள்ளும். நகம் தடித்து, வளைந்து, வட்டமாகத் திரும்பிப் பாதத்தின் மெத்தையிலேயே குத்தி உள்ளே போய்விடும். அதிகம் மாட்டுவது முன்னங்காலின் உள்பக்கத்தில் சற்று உயரத்தில் இருக்கும் கட்டை விரல் நகம்தான். எங்கள் மணியன் தறிக்குடோனில் நூல் மூட்டைக்குப் பின்னால் போய்ப் படுத்தபோது எல்லோரும் ஆசையை விட்டுவிட்டார்கள். பாதத்து முடியை விலக்கினால், மஞ்சள் நிறத்தில் ஒரு நகம் அரை வட்டமாக வளைந்து மெத்தைக்குள் புதைந்திருந்தது, சுற்றிலும் சதை சிவந்து ஈரமாக இருந்தது, கெட்ட வாடை அடித்தது. டாக்டர் நகத்தை வெட்டி, வளைந்த துண்டைக் குறடால் வெளியே இழுத்தார். அன்று சாயங்காலமே கருவாட்டுக்குக் கத்தினான். சதையில் ஏறிய நகத்தை வீட்டில் இழுக்காதீர்கள், அதற்கு டாக்டர் வேண்டும். ஏறாத நகத்தை மாதம் ஒருமுறை நுனி மட்டும் நறுக்கி வந்தால் இந்த நிலைமையே வராது.

வாயில் கெட்ட வாடை, ஒரு பக்கமாகவே மெல்லுவது, எடுத்த துண்டைக் கீழே போடுவது, வட்டலுக்கு ஆசையாக வந்து முகர்ந்துவிட்டுச் சீறிக்கொண்டு ஓடுவது, இதெல்லாம் பல் வலி. பசி இருக்கிறது, சாப்பிட முடியவில்லை. வயசான பூனைகளில் பல் நோய் அவ்வளவு சாதாரணம். மயக்கம் கொடுத்துப் பல் பிடுங்க வேண்டும் என்றால் பயப்படாதீர்கள். ரத்தம் பார்த்துவிட்டுச் செய்வார்கள், பல் இல்லாமல் பூனை நன்றாகவே சாப்பிடும்.

மூட்டுத் தேய்மானத்தை வெளியே தெரியாத நோய் என்றே சொல்லலாம். பூனை நொண்டாது. முன்னே ஒரே தாவலில் ஏறிய திண்ணைக்கு இப்போது நின்று யோசித்து ஏறும், இல்லையென்றால் ஏறாது. மார்கழிக் குளிரிலும் ஆடிக்காற்றிலும் அதிகம் முடங்கும், அடுப்பு மேடையை விட்டு இறங்காது. மணல் தட்டின் விளிம்பு உயரமாக இருந்தால் தட்டுக்கு வெளியே போகும். அதற்காக அடிக்கிறவர்களும் இருக்கிறார்கள், அடிக்காதீர்கள். பழைய பிளாஸ்டிக் பேசினின் ஒரு பக்கத்தை அறுத்துத் தாழ்த்திக் கொடுங்கள். ஏறும் இடத்தில் ஒரு மணைக்கட்டையைப் போடுங்கள்.

தோட்டத்தில் விஷம்

நம் பக்கத்தில் இதைத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. தென்னந்தோப்பிலும் கரும்புக்காட்டிலும் எலிக்கேக் வைப்பது வழக்கம். அதைத் தின்ற எலியைப் பூனை தின்னும். அந்த மருந்துகளில் பல, ரத்தம் உறைவதைத் தடுப்பவை. தின்றதும் ஒன்றும் தெரியாது. மூன்று நாலு நாள் கழித்து உள்ளுக்குள் ரத்தம் கசிந்து, ஈறு வெளுத்து, மூச்சு வாங்கி, பூனை ஒரு மூலையில் போய்ப் படுக்கும். வைட்டமின் கே1 நேரத்தோடு கொடுத்தால் பிழைக்க வைக்கலாம். அதனால் உங்கள் வீட்டில் வைக்கவில்லை என்றாலும் பக்கத்துத் தோட்டத்துக்காரரிடம் கேளுங்கள், முடிந்தால் அந்த மருந்து வந்த அட்டையை வாங்கிக்கொண்டு போங்கள்.

பூச்சிமருந்து அடித்த காட்டில் நடந்து காலை நக்கினால் வேறு மாதிரி: எச்சில் ஒழுகும், உடம்பு நடுங்கும், கண்பாவை ஊசிமுனையாகச் சுருங்கும். மேலே பட்டிருந்தால் சோப்பு நீரில் கழுவித் துடைத்து உடனே கிளம்புங்கள். உப்புத் தண்ணீர் ஊற்றி வாந்தி எடுக்க வைக்காதீர்கள், அந்த உப்பே தனி விஷம். முகமோ காலோ திடீரென்று வீங்கி ரத்தம் கசிந்தாலும், கால் தள்ளாடிச் சரிந்தாலும் பாம்பு கடித்திருக்கலாம். அதற்கும் நேரம்தான் முக்கியம்.

மாட்டு உண்ணிக்குத் தெளிக்கும் மருந்தையும் நாய்க்கு வாங்கிய உண்ணி மருந்தையும் பூனை மேல் போடவே கூடாது. பெர்மெத்ரின் மாதிரியான மருந்துகளை நாய் தாங்கும், பூனை தாங்காது. தெள்ளுப்பூச்சி இருந்தால் பூனைக்கென்றே விற்கும் மருந்தை வாங்குங்கள். வேப்பெண்ணெய், கற்பூரம், தைலம் எதையும் தடவ வேண்டாம், எல்லாவற்றையும் அது நக்கி விழுங்கிவிடும். பீரோவில் பாச்சை உருண்டை இருந்தால் பூனை ஒளியும் இடத்திலிருந்து எடுத்துவிடுங்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது பாராசிட்டமால். காய்ச்சல் என்று நினைத்து அரை மாத்திரை பொடித்துப் பாலில் கலக்குகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஒரே ஒரு மாத்திரை ஒரு பூனையைக் கொல்லப் போதும். ஈறு பழுப்பாகும், முகமும் பாதமும் வீங்கும், மூச்சு திணறும். குழந்தைக்குக் கொடுக்கும் சிரப்பிலும் அதே மருந்துதான். வலி மாத்திரைகளான டைக்ளோஃபெனாக், இபுப்ரூஃபென், ஆஸ்பிரினும் வேண்டாம். நல்ல எண்ணத்தில் செய்ததாக இருந்தாலும் கொடுத்துவிட்டால் மறைக்காமல் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். மாற்று மருந்து உண்டு, சீக்கிரம் போனால் பலன் இருக்கும். வாயைப் பிடித்து விளக்கெண்ணெய் ஊற்றுவதும் கூடாது. நுரையீரலுக்குள் போய்விட்டால் நிமோனியா வரும்.

எத்தனை நேரம் காத்திருக்கலாம்

ஒரு நாள் முழுக்க எதுவும் தின்னவில்லை என்றால் மறுநாள் காலை டாக்டர். குண்டுப் பூனையாக இருந்தால் இன்னும் அவசரம். பட்டினி கிடந்தால் உடம்பிலுள்ள கொழுப்பெல்லாம் ஈரலில் போய்ச் சேர்ந்து ஈரலே கெட்டுப்போகும், அதுவே தனி நோயாகி உயிரை வாங்கும். தின்கிறது, ஆனால் கொஞ்சம் கொஞ்சமாக மந்தமாகிறது என்றால் அந்த வாரத்துக்குள் காட்டுங்கள். தண்ணீர்ப் போசி சீக்கிரம் காலியாகிறதா, மணல் தட்டில் மூத்திரம் பட்டு உறையும் மண்கட்டி பெரிதாகிறதா என்று பாருங்கள். அப்படியானால் சிறுநீரகம், சர்க்கரை, தைராய்டு மூன்றில் ஒன்றைச் சந்தேகிப்பார்கள். நன்றாகத் தின்றும் இளைத்தால் தைராய்டோ சர்க்கரையோ இருக்கலாம். பால்சோறும் தயிர்சோறும் மட்டுமே தின்று வளர்ந்த பூனைக்கு டாரின் என்ற சத்துக் குறைந்து நெஞ்சு பலவீனமாகவும் வாய்ப்புண்டு.

கொண்டுபோவது

பூனைக்கூடை இல்லாத வீட்டில் நாங்கள் செய்வது: காலி பிளாஸ்டிக் தக்காளிப் பெட்டி இரண்டு. ஒன்றில் பழைய துண்டு விரித்துப் பூனையை வைத்து, மற்றதைக் கவிழ்த்து மூடி, நாலு பக்கமும் கயிற்றால் கட்டிவிடலாம். காற்று போகும், தப்பிக்காது. மேலே இன்னொரு துணியைப் போட்டு மூடினால் பாதிப் பயம் குறையும். சாக்கில் கட்டிக் கொண்டுபோகாதீர்கள், மூச்சு வாங்கும் பூனை அதிலேயே போய்விடும். பூனையைத் துரத்திப் பிடிக்கவும் வேண்டாம், பெரிய துண்டை மேலே போட்டு அப்படியே சுருட்டித் தூக்குங்கள். சித்திரை வெயிலில் வெயில் ஏறுவதற்கு முன்பே கிளம்பிவிடுங்கள்.

ஊர்க் கால்நடை மருந்தகத்தில் மாடும் ஆடும் கோழியும்தான் அதிகம் வரும், ஆனாலும் முதலுதவிக்கும் ஊசிக்கும் அங்கேயே போகலாம். ரத்தப் பரிசோதனை, ஸ்கேன் என்றால் கோயமுத்தூர், ஈரோடு, திருப்பூர், சேலம் போக வேண்டியிருக்கும். நாமக்கல்லில் 1985 முதல் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது, அங்கேயும் காட்டலாம். உடுமலையிலும் ஒரு கல்லூரி உண்டு.

டாக்டரிடம் சுருக்கமாகச் சொல்லத் தயாராகுங்கள்: கடைசியாக எப்போது தின்றது, தண்ணீர் எவ்வளவு, மூத்திரம் எப்போது, எடை எவ்வளவு குறைந்தது, என்ன மருந்து கொடுத்தீர்கள், பக்கத்தில் என்ன விஷம் வைத்திருக்கிறார்கள். "வயசாயிருச்சுங்க, ஒண்ணும் பண்ண முடியாதுங்க" என்று சொன்னால் கோபப்படாமல், "ரத்தம் மட்டும் ஒருக்கா பாத்தர்லாங்களா?" என்று கேளுங்கள். ரத்த அணுக்கள், சிறுநீரகத்தைக் காட்டும் கிரியேட்டினின், ஈரல், சர்க்கரை, டி4 என்ற தைராய்டு அளவு, கூடவே மூத்திரம், ரத்தக்கொதிப்பு. இத்தனையும் பார்த்தால் பெரும்பாலும் ஏதாவது பிடிபடும்.

வீட்டுக்கு வந்த பிறகு ஒளியும் இடத்தை அடைக்காதீர்கள். அட்டைப்பெட்டியில் இரண்டு பக்கமும் வழி வெட்டி, துணி விரித்து, சத்தமில்லாத இடத்தில் வையுங்கள். தீனி, தண்ணீர், மணல் தட்டு மூன்றும் எட்டும் தூரத்தில் இருக்கட்டும், ஆனால் தீனிக்குப் பக்கத்திலேயே மணல் வேண்டாம். கோழியோ மத்தி மீனோ உப்பு, மஞ்சள், வெங்காயம் எதுவும் போடாமல் வேகவைத்து, முள் எடுத்து, வெதுவெதுப்பாகக் கொடுங்கள். சூட்டில்தான் வாசம் எழும், வாசம் இல்லாமல் வயசான பூனை தின்னாது. சின்ன வெங்காயம் போட்ட குழம்பை ஒரு சொட்டும் கலக்காதீர்கள், வெங்காயம் பூனையின் ரத்த அணுவை உடைக்கும். சிறுநீரக நோய் என்று தெரிந்தால் தோலுக்கடியில் குளுக்கோஸ் பாட்டில் மாதிரி திரவம் ஏற்ற டாக்டர் சொல்லிக்கொடுப்பார். பார்க்கத்தான் பயம், பழகினால் வீட்டிலேயே செய்யலாம். இந்த நோயோடு வருஷக்கணக்கில் சந்தோஷமாக இருக்கிற பூனைகள் உண்டு.

பத்து வயசைத் தாண்டிய பூனை நன்றாக இருந்தாலும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை டாக்டரிடம் காட்டுங்கள். எடையை நாங்கள் அமாவாசைக்கு அமாவாசை பார்க்கிறோம், நாள் மறக்காது. கொப்பரை நிறுக்கும் எலக்ட்ரானிக் தராசில் கூடையை வைத்துப் பூஜ்யம் பண்ணிவிட்டுப் பூனையை உட்காரவைத்தால் போதும். நாலு கிலோப் பூனைக்கு நானூறு கிராம் குறைந்தால், அறுபது கிலோ ஆள் ஆறு கிலோ இளைத்த மாதிரி. கண்ணுக்கு அது தெரியாது. காலண்டர் தாளிலேயே அந்த அமாவாசைக் கட்டத்தில் எடையை எழுதி வையுங்கள். இருநூறு கிராம் குறைந்ததுமே பூனையைக் கூப்பிட்டுக்கொண்டு கிளம்பிவிடுங்கள், அது ஒதுங்கும் வரைக்கும் இருக்க வேண்டாம்.